போன் மேட்டில் க்ளெம்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நொரீன் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. முடிவுக்கு வருவதற்குள் அவளுடைய பொட்டலம் வந்துவிட்டது, போய்விட்டாள்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "குவீன்ஸ்லாந்தின் செம்மண்ணில் அந்தி சாயும் வேளையில்..." வேண்டாம். நடந்தது பட்டப்பகலில்.

இன்னொன்று: "நொரீனின் கணவர் க்ளெம் ஒரு மேதை..." இதை நொரீன் படித்தால் அடிக்க வருவாள். அவளுடைய காய்கறி வெட்டும் பலகையை அறுத்துத்தான் அவர் தன் டிரோனுக்கு, கேமராவோடு பறக்கும் அந்தக் குட்டிப் பொறிக்கு, உடம்பு செய்தார்.

2

க்ளெமுக்கு முழங்கால் போய்விட்டது. மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஓடைக்கு அப்பால், மரங்களுக்குப் பின்னால் ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி. கோடையில் அது வற்றினால் மந்தை போச்சு.

"தினம் யாருப்பா போய்ப் பாப்பாங்க? பண்ணைய வித்துட்டு என்னோட டவுனுக்கு வந்துடுங்க" என்றாள் மகள் ட்ரூடி.

"நின்ன இடத்துலேருந்தே தொட்டியப் பாத்துக் காட்டுறேன்" என்றார் க்ளெம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா மூட்டை கட்டணும்."

அதற்காகத்தான் டிரோன் செய்தார். அதை இயக்க அவருடைய செல்போனேதான். திரையில் இரண்டு வட்டங்கள், இரண்டு கட்டைவிரல்கள். (காலமெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரித்துக் காய்த்த விரல்கள். போனின் கண்ணாடித் திரை அவற்றை மதிக்கவேயில்லை. நக்கி நக்கி ஈரமாக்கினார். "ஐஸ்கிரீமா அது?" என்றாள் நொரீன்.)

3

இங்கே எனக்குச் சிக்கல். வீட்டு வாசலிலிருந்தே பறக்கவிட்டிருக்கலாம். டிரோனும் போனும் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்பவை, செல்போன் கோபுரத்துச் சிக்னல் தேவையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் போன் என்றாலே போன் மேடு. க்ளெம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல். பிறந்தநாள் வாழ்த்து, மழைச் செய்தி, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே நின்றுதான்.* போனைக் கையில் எடுத்தால் கால் தானாக மேடேறும். ஞாயிற்றுக்கிழமை க்ளெமும் நொரீனின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி ஏறினார்.

* ட்ரூடி கல்லூரியிலிருந்து பேசிய காலத்தில் நொரீன் போட்ட பழைய கார் இருக்கை இன்னும் அங்கே கிடக்கிறது.

4

டிரோன் ஓடையைத் தாண்டியது. திரையில் செம்மண், நடுவே பாம்பு போல ஒரு கோடு.

"என்னது அது?"

"உன் பைக் தடம்தான், கிழவா."

நாற்பது வருஷத் தடம். மேலிருந்து அவர் பார்ப்பது அன்றுதான் முதல்முறை.

"இவ்வளவு கோணலாவா ஓட்டினேன்?"

"நீ எப்ப நேரா ஓட்டினே? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே வேலியில விட்டவன்தானே."

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே டிரோன் போனது. தொட்டி வந்தது. ததும்பத் ததும்பத் தண்ணீர். ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன.

அடுத்த நொடி திரை முழுக்க ட்ரூடியின் முகம். போன் மணி அடித்தது. வட்டங்கள் இரண்டும் காணோம். மரங்களுக்கு அப்பால் ஏதோ மடேரென்று விழுந்தது, ஆடுகள் கத்தின.

"அப்பா! டிரோன் ஓடுச்சா, இல்லியா?"

5

முடிவு ஒன்று: "ஓடுச்சும்மா."

முடிவு இரண்டு: "விழுந்துடுச்சும்மா."

எழுதிப் பார்த்தேன். இரண்டுமே உண்மை. அதுதான் தொல்லை.

மூன்றாவதாக, நொரீன் போனைப் பிடுங்கி, "நீ கூப்பிட்டதாலதான்டி விழுந்துச்சு!" என்று... (அந்த வரியை அடித்துவிட்டேன். சிரிப்பு வந்தது, முடிவு வரவில்லை.)

அவரை அந்த மேட்டிலிருந்து இறக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களே அவருக்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ட்ரூடி காத்திருக்கிறாள், மேட்டிலும் சிக்னல் ரொம்ப நேரம் நிற்காது.