கன்னியப்பனின் கடைவாய்ப் பல்

கன்னியப்பன் வாயில் மெல்லுவதற்கென்று மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. வலது பக்கம் மேலே ஒரு கடைவாய்ப் பல், அதற்கு நேர் கீழே ஒன்று. முன்னால் நாலைந்து ஆடிக்கொண்டு நின்றன. இடது பக்கம் மொத்தமும் வழித்துவிட்ட களத்துமேடு. முப்பது வருஷத்துக்கு முன்னால் சந்தையில் ஒருத்தன் வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினானே, அன்று பிடித்த சரிவு. அதிலிருந்து வைத்தியம் பார்க்கிற எவர் கேட்டாலும் அவர் நேராகப் பதில் சொல்வதில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் ரெண்டு மருந்துச் சீட்டு சேர்த்து எழுதுவான்கள் என்பது அவர் தீர்மானம்.

மார்கழி பாதியில் அந்தக் கீழ்ப்பல் வலித்தது. கிராம்பை வைத்து அழுத்தினார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். நாலாம் நாள் கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்தது. பெண்டாட்டி செல்லம்மாள் சாலவாக்கத்தில் டவுன் பஸ் ஏற்றி, உத்திரமேரூர் பல் டாக்டரிடம் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

டாக்டர் சாந்தினி சின்ன வயசுக்காரி. படம் எடுத்துப் பார்த்தாள்.

"பெரியவரே, உள்ள நரம்பு செத்து சீழ் வெச்சிருக்கு. ஆனா பிடுங்கக் கூடாது. கீழ ஈறெல்லாம் தேஞ்சு போச்சு, பல்செட்டு நிக்காது. இந்த ஒரு பல் இருந்தா அதுல கம்பி மாட்டி செட்டு வைக்கலாம். இது போச்சுன்னா கரைச்சுக் குடிக்கறதுதான். ரூட் கேனல் பண்ணிக் காப்பாத்தலாம். நாலு தடவை வரணும்."

"ஒரே நாள்ல முடிக்கத் தெரியாதா?"

"வருஷக்கணக்கா கெட்டது ஒரே நாள்ல சுத்தமாகுமா?"

"நல்லா கேளும்மா" என்றாள் செல்லம்மாள். "இந்தாளுக்குப் பல்லு மட்டுமா கெட்டு கீது?"

டாக்டர் குடைந்தாள். மயிர் போன்ற ஊசிகளை வேருக்குள் விட்டு வழித்தாள். மருந்து வைத்து, வெள்ளையாக ஒரு பசையால் மூடினாள்.

"இது தற்காலிக அடைப்பு. அடுத்த வியாழக்கிழமை வாங்க. அந்தப் பக்கம் மெல்லாதீங்க."

"வேற எந்தப் பக்கம் மெல்றது, முதுகுப் பக்கமா?"

அன்று ராத்திரியே வலி நின்றது. வலி நின்றால் வைத்தியம் முடிந்தது என்பதுதான் கன்னியப்பனுக்குத் தெரிந்த கதை. அந்த வியாழக்கிழமை அறுப்பு மிஷின் அவர் கழனிக்கு வந்தது. அடுத்த வியாழன் வைக்கோல் கட்டு. டாக்டர் கடைப் பெண் ரெண்டு தரம் போன் பண்ணினாள். "கிராக்கி புடிக்கிறாளுங்க" என்று அணைத்துவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று முறுக்கோடு சேர்ந்து அந்த வெள்ளை அடைப்பும் பெயர்ந்து வந்தது. குழியில் சோறு போய் உட்கார்ந்தது. துடைப்பக் குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்தார். மோட்டார் கொட்டகையில், பைப்பு ஒழுகலுக்கு வைக்கிற பசை பாதி மிச்சம் இருந்தது. ரெண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து வைத்தால் ஒரு மணியில் கல்லாகிவிடும். ஐம்பது வருஷமாக வரப்பில் நண்டு வளையையும் பைப்பில் விரிசலையும் அடைத்த கை அது. ஓட்டை என்றால் அடைக்கணும், இதற்கு இன்னா படிப்பு? பிசைந்து, குழியில் திணித்து, கட்டை விரலால் அழுத்தி, அரை மணி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் கறிச்சோறு மென்றார். ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

பத்தே நாளில் ஈறில் கொப்புளம் கட்டிச் சீழ் வடிந்தது. மறுபடியும் அதே நாற்காலி.

"இது நான் வெச்ச அடைப்பு இல்லையே. யார் வெச்சது?"

"நீதான் வெச்ச."

"நான் வெச்சது வெள்ளை. இது சாம்பல்."

"வெத்தல போட்டேன். நெறம் மாறியிருக்கும்."

செல்லம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகப் பார்த்த முகம், பொய் அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அசலார் எதிரில் புருஷனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

டாக்டர் ஒரு மணி நேரம் குடைந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள். இன்னொரு படம் எடுத்தாள். முகமூடியைக் கழற்றினாள்.

"பெரியவரே, மறைக்க மாட்டேன். ஊசி முனை உள்ள ஒடிஞ்சு நின்னுடுச்சு. உங்க வேர் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. அன்னிக்கு மூணு துவாரம்தான் என் கண்ணுல பட்டுது. நாலாவது ஒண்ணு இப்பதான் படத்துல தெரியுது, சீழ் அதுலதான் தங்கியிருக்கு. ஆனா ஊசி எதுவோ கல்லு மாதிரி இருக்கறதுல மாட்டித்தான் ஒடிஞ்சது. அது இன்னதுன்னு சொன்னீங்கன்னா, வழி இருக்கான்னு இன்னிக்கே பாக்கறேன்."

கன்னியப்பனுக்கு அந்த நேர்மைதான் சந்தேகத்தைக் கிளப்பியது. தப்புப் பண்ணாதவள் எதற்கு ஒத்துக்கொள்கிறாள்?

"உன் ஊசிய என் வாயில ஒடிச்சி வெச்சிட்டு, என்னியே கேள்வி கேக்கறியா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற பெரிய பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் அதைக் கிழித்துப் போட்டார்.

"சொல்லித் தொலைச்சா இன்னாய்யா? கொட்டாயில பசை டப்பா தொறந்து கெடந்ததப் பாத்தேன்."

"வாய மூடுடி."

மாசி முடிவதற்குள் பல் ஆடத் தொடங்கிவிட்டது. ஜுரம் வேறு. மூன்றாம் தரம் போனபோது அவராகவே சொன்னார். "பைப்புக்கு வைக்கிற பசைய வெச்சேன்."

டாக்டர் பல்லை அசைத்துப் பார்த்துவிட்டு, பிடுங்கும் குறடை எடுத்து வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா பொழைச்சிருக்குமா?"

"தெரியாது பெரியவரே. நாலாவது துவாரத்தப் பாக்காதது என் தப்பு. சரியா பண்ணினாலே சில பல்லு நிக்காது. ஆனா ஒரு வழி இருந்தது. இப்ப எலும்பே கரைஞ்சு போச்சு."

பிடுங்க அதிக நேரம் ஆகவில்லை. தட்டில் கிடந்ததைப் பார்த்தார். அதனோடு இனிச் சண்டை போட ஒன்றுமில்லை.

"மேல் பல்லு நல்லாத்தான கீது?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல." பஞ்சை மடித்தபடியே சொன்னாள். "ஆனா எதிர்ல பல் இல்லன்னா அது தானா கீழ எறங்கும். கொஞ்சம் கொஞ்சமா. கடைசில கீழ் ஈறைக் குத்த ஆரம்பிச்சுடும். அப்ப அதையும் எடுக்கணும்."

"அத நிறுத்த முடியாதா?"

"எதிர்ல ஒரு பல் வேணும்."

பஞ்சைக் கடிக்கச் சொன்னாள். கடிப்பதற்குக் கீழே ஒன்றுமில்லாததால் அது நழுவியது. கையால் பிடித்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் இருந்த செல்லம்மாள் எழுந்தாள். "இன்னா சொன்னாங்க?"

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கட்டை விரலை வாய்க்குள் விட்டு, அந்த நல்ல பல்லை மேல் நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டபோதும் கையை எடுக்கவில்லை. அவள்தான் டிக்கெட் வாங்கினாள்.