சர்வீஸ் ரோட்டில் ஒரு பழுப்புத் திட்டு

அக்காவின் கணவர் மாதவன் மாமா விமானத்தில் ஏறினால் கீழே தெரியும் ரோடுகளைப் படம் எடுப்பார். மலை, ஏரி, மேகம் எதையும் எடுக்க மாட்டார். ரோடு மட்டும்தான். அதுவும் நம் ஊர் மண் ரோடு இல்லை. நான்கு வழி, ஆறு வழி என்று அகலமாகப் போக வேண்டும்.

அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மதுரையில் இருக்கும் யூனிட்டுக்கு மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து விமானத்தில் அனுப்புகிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால்தான் எங்கள் பக்கத்து ரோடு நன்றாக விழுமாம். அந்தச் சீட்டுக்காக யாரிடமும் கெஞ்சுவார். கர்ப்பிணிப் பெண்ணாக இருந்தாலும் எழுப்பிவிடுவார் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் சுவாதி அக்காவையும் கூட்டிப் போனார். அவளுக்கு அதுதான் முதல் விமானம். திரும்பி வந்ததும், "மேல இருந்து என்னக்கா பாத்த?" என்று கேட்டேன்.

"உங்க மாமா முதுகை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் லேப்டாப்பைத் திறப்பார். "பாத்தீகளா மாமா, இது கிருஷ்ணகிரி டோல்கேட். இது சூளகிரி மேம்பாலம். எப்படி ரிப்பன் மாதிரி கெடக்கு பாருங்க!"

"ஆமாங்க மாப்ள, சூப்பருங்க" என்பார் அப்பா. அந்தப் படத்தில் ரோடு எது, வாய்க்கால் எது என்றே அவருக்குத் தெரியாது. மருமகன் கரண்ட் கம்பத்தைப் படம் எடுத்து வந்தாலும் அப்பாவுக்குச் சூப்பர்தான்.

"ரோட்டை மேல இருந்துதான் பாக்கணும் மாமா. கீழ இருந்து பாத்தா என்ன இருக்கு? லாரியும் மாடும்தான்."

அந்த லாரிக்கும் மாட்டுக்கும் நடுவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

சூளகிரி தாண்டி ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. ரோட்டை அகலப்படுத்தியபோது நெல்லும் ராகியும் அடிக்கிற களம் அதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்து கார்த்திகையில் ராகி அறுத்தால் கதிரைச் சர்வீஸ் ரோட்டில்தான் பரப்புகிறோம். பக்கத்து வீட்டு ரங்கம்மாவும் அப்படித்தான், எதிர்க் கொல்லைக்காரர்களும் அப்படித்தான். லாரி, வேன், பஸ் எல்லாம் ஏறி ஏறிப் போகும். இரண்டு நாள் ஓடினால் மணி உதிர்ந்துவிடும். அப்புறம் தூற்றி மூட்டை கட்டிவிடலாம். சட்டப்படி இது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். லாரிக்காரர்கள் பழகியவர்கள், மெதுவாக மிதித்துக்கொண்டு போவார்கள். பைக்கில் போகிறவர்கள்தான் கால் கூசுகிற மாதிரி ஓரமாக ஒதுங்குவார்கள்.

இந்த வருஷம் மழை தப்பிப் பெய்து, இரண்டு ஏக்கரில் ஒரு ஏக்கர்தான் தேறியது. அடுத்த அறுப்பு வரை எங்கள் களிக்கும் கூழுக்கும் அதுதான். தாள் இரண்டு மாட்டுக்கு. வங்கக் கடலில் புயல் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வருவதற்குள் அடித்து உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமையே பரப்பிவிட்டோம். வண்டிகள் ஏறும்போது கதிரைப் புரட்டிப் போடுவதும், சிதறியதைக் கூட்டித் தள்ளுவதும் என் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வேறு என்ன வேலை இருக்கும் என்பது எங்கள் வீட்டு நினைப்பு.

சனிக்கிழமை காலை ரோடு பராமரிக்கிற கம்பெனியின் மஞ்சள் ஜீப் வந்து நின்றது. சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்ட ஒருவர் இறங்கினார். கையில் இருந்த போனையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இங்க நூறு மீட்டருக்கு ரோடு பேந்து கெடக்குதுன்னு போட்டோவோட கம்ப்ளெயின்ட் வந்துருக்குது. எங்க?"

"ரோடு நல்லாத்தானே சார் இருக்குது" என்றார் அப்பா.

ஜீப்பில் வந்தவர் செருப்பால் கதிரை ஒதுக்கிப் பார்த்தார். அடியில் தார் பளபளவென்று இருந்தது. அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, அப்புறம்தான் கோபம்.

"ராகியா? யோவ், ரோடு உங்க பாட்டன் சொத்தா? மேலதிகாரி வந்துட்டே இருக்காரு. அதுக்குள்ள மொத்தத்தையும் அள்ளு. இல்லாட்டி லோடர் வண்டியை உட்டு பள்ளத்துல தள்ளிருவோம்."

"இன்னும் பாதி உதிரலைங்க சார். சாயங்காலம் வரைக்கும் உடுங்க சார்." அப்பா கும்பிட்டார்.

"என்கிட்ட எதுக்குய்யா கும்பிடற? ஏரோப்ளேன்ல இருந்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு ஒரு பெரிய மனுசன். அவரைப் போய்க் கும்பிடு."

போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நெடுஞ்சாலை சாம்பல் கோடாக ஓடியது. அதன் பக்கத்தில் மெல்லிய கோட்டில் ஒரு பழுப்புத் திட்டு. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். படத்தின் மூலையில், எல்லாப் படத்திலும் போடுகிற மாதிரி, மாதவன் மாமாவின் பெயர் வளைத்து வளைத்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வெளியாள் முன்னால் எனக்கு வாய் வராது என்பது வேறு விஷயம். வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் அப்பா அதற்கும் சூப்பருங்க என்பார்.

"எவன்டா அவன், ஆகாசத்துல உக்காந்துட்டு நம்ம சோத்தை எட்டிப் பாக்கறவன்?" என்று ரங்கம்மா கத்தினாள். "அவன் வீட்டுல அடுப்பு எரியாது, நாசமாப் போக!"

"சும்மா திட்டாத ரங்கம்மா, அள்ளு" என்றாள் அம்மா.

ரங்கம்மா அள்ளினாள், தெலுங்கில் திட்டிக்கொண்டே. நாங்கள் நான்கு பேரும் வாரி வாரித் தார்ப்பாயில் கொட்டினோம். உதிர்ந்த மணியும் உதிராத கதிரும் கல்லும் ஒன்றாகப் போயின. பாதி வாரும்போதே மழை வந்துவிட்டது. தார்ப்பாய் குவியலின் மேல்பக்கத்தை மூடத்தான் போதுமாக இருந்தது. அடிப்பக்கம் தண்ணீர் புகுந்தது.

மதியம் மழை விட்ட நேரத்தில் அக்காவும் மாமாவும் காரில் வந்தார்கள். மாமா இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட! ஒரே நாள்ல சரி பண்ணிட்டாய்ங்க! மாமா, பாத்தீகளா? உங்க வீட்டு முன்னாடி ரோடு மோசமாக் கெடந்துச்சுல்ல? நேத்து சாயங்காலம் ப்ளைட்ல இருந்து பாத்தேன். வீட்டுக்குப் போனதும் கம்ப்ளெயின்ட் போட்டுட்டேன்." போனை எடுத்து நீட்டினார். அதே சிவப்பு வட்டம்.

அப்பாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். ரங்கம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா... நல்லா தெரியுதுங்க மாப்ள" என்றார் அப்பா.

எனக்கு அப்பா மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

அக்கா தார்ப்பாயைத் தூக்கி அடியில் கை விட்டாள். கை நிறைய ஈரக் கதிர் வந்தது. அதை மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏங்க, நீங்க வட்டம் போட்டது இதைத்தான்."

மாமா கதிரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். வருத்தப்படப் போகிறார் என்று நான்கூட ஒரு நொடி நம்பினேன்.

"ரோட்டுல போட்டா அவ்ளோ உயரத்துல இருந்து பேட்ச் மாதிரிதான தெரியும்?" என்றார். "நம்ம ராகின்னு எனக்கு எப்படித் தெரியும்? போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல அத்தை."

அம்மா அவருக்கு இலை போடப் போனாள். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுளீரென்று அடித்தது. ஈரக் கதிர் முளைவிட ஆரம்பிப்பதற்குள் உலர்த்தி மிதித்துவிட்டால் கொஞ்சமாவது மிஞ்சும். சர்வீஸ் ரோட்டில் இனி போட முடியாது. ஊருக்குள் போகிற சின்ன ரோட்டில் பரப்பினோம். அங்கே லாரி வராது. நாளெல்லாம் நின்றாலும் இரண்டு பைக்கும் ஒரு பால் வண்டியும்தான்.

மத்தியானம் அக்கா காரின் பக்கத்தில் வந்து நின்றாள். "சாவி குடுங்க."

"எதுக்கு?"

"மிதிக்கறதுக்கு."

"ஏய், புது வண்டி! அடியில தாளு சுத்திக்கும். சைலன்ஸர் சூட்டுல தீப்பிடிச்சுரும் சுவாதி!"

"சுத்தினா கீழ படுத்து எடுங்க. கீழ இருந்து ஒண்ணுமே பாத்ததில்லையே நீங்க."

ரங்கம்மா சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா, "ஏம்மா சுவாதி..." என்று இழுத்தார். அக்கா அவரையும் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். சாவி கைமாறியது.

அக்கா வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். காரை அரைகுறையாகத்தான் ஓட்டத் தெரியும். முதல் கியரிலேயே முன்னால் போனாள், பின்னால் வந்தாள். நான் புரட்டிப் போட்டேன். அம்மா சக்கரத்துக்குள் தாளைத் தள்ளினாள். ஒவ்வொரு நடைக்கும் அக்கா நிறுத்துவாள். மாமா வெள்ளைச் சட்டையோடு குனிந்து அடியில் சிக்கிய தாளை இழுப்பார், மூச்சு வாங்குவார்.

பொழுது இறங்கும்போது தூற்றினோம். அறுத்ததில் பாதிக்கும் கீழேதான் தேறியது. அதிலும் கருத்த மணி இருந்தது. மாசி வரை களிக்கு வரும். அதற்கு மேல் ரேஷன் அரிசிதான்.

அன்று ராத்திரியே அவர்கள் ஓசூருக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் அக்கா தனியாக உட்கார்ந்துகொண்டாள், ஜன்னல் ஓரமாக. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அடுத்த மாதம் மதுரை போகும்போது இந்தப் பக்கம் படம் எடுக்கமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னார். பெரிய தியாகம் செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"பரவால்லைங்க மாப்ள" என்றார் அப்பா. "நீங்க எடுங்க. நாங்க வேற எங்கியாச்சும் போட்டுக்கறோம்."