அரை நொடி

இன்னும் நாற்பத்தாறு மணி நேரத்தில் ஃபுமியே எங்கள் தீவுக்குக் கப்பல் ஏறிவிடுவார். டோக்கியோ மருத்துவமனையில் மூன்று மாதச் சிகிச்சை பாக்கி இருந்தது. சூரை மீன் பருவம் தொடங்கிவிட்டது, கணவர் தொகுசோ படகில் தனியாகத் திண்டாடுவார் என்று பிடிவாதம்.

அந்தப் படகு இல்லை. போன அக்டோபர் புயலில், டோக்கியோவுக்குத் தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் சிச்சி தீவின் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிவிட்டது. அதே வாரம்தான் ஃபுமியேவுக்கு அறுவைச் சிகிச்சை. தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று தொகுசோ தள்ளிப்போட்டார். தீவே அவருக்காக வாயை மூடிக்கொண்டது. எட்டு மாதம் ஓடிவிட்டது.

பொய்யைச் சொன்னது என் குரல். டோக்கியோவுக்குச் சிற்றலை வானொலி வழியாகத்தான் பேச முடியும். ஒருவர் முடித்து "சரி, நீ பேசு" என்ற பிறகே மற்றவர் பேசலாம். இரைச்சல் கூடினால் நடுவில் இருக்கும் ஆபரேட்டர், அதாவது நான், எடுத்துச் சொல்ல வேண்டும். ஃபுமியே படகைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் தொகுசோ ஏதோ முணுமுணுப்பார். "படகு நல்லா இருக்காம்" என்று நான் தெளிவாகச் சொல்வேன்.

அன்று நண்பகலில் சகுரா செயற்கைக்கோள் வழியாக நேரடித் தொலைபேசி இணைப்பு வந்தது. தொகுசோ என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"நீயே பேசிடு பொண்ணு. எப்பவும் நீதான சொல்லுவ."

"இனிமே நடுவுல நான் இல்லண்ணே. நீங்களே நம்பரைச் சுத்துங்க."

"அப்ப உனக்கு என்ன வேலை?"

"தபால் கவுண்டர்ல ஸ்டாம்ப் விக்கச் சொல்லியிருக்காங்க."

"அதையாவது கோணாம ஒட்டு."

சுற்றினார். விரல் இரண்டு முறை வழுக்கியது. செவிலி போய் ஃபுமியேவை அழைத்து வந்தார். ஃபுமியேவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஏங்க, காதுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கே. என் ரப்பர் பூட்ஸ எடுத்து வெயில்ல வையுங்க. நாளை மறுநாள் கப்பல்."

"வர வேணாம். டாக்டர் சொல்றதக் கேளு. சரி, நீ பேசு."

"இனிமே அப்படிச் சொல்ல வேணாமாம். சும்மா பேசலாமாம். படகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

'நீ பேசு' சேர்க்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அதன் பின்னால் ஒரு மௌனம்.

"நல்லதுதான்" என்றார் ஃபுமியே.

தொகுசோ ரிசீவரின் வாயைப் பொத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"கண்டுபிடிச்சுட்டா. யோசிச்சுல்ல பதில் சொல்றா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவைகூட அவ யோசிச்சுப் பேசினதில்ல."

சகுரா முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு சொல் மேலே போய்க் கீழே இறங்கக் கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. முந்தைய வாரமே நான் காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் யோசிக்கவில்லை அண்ணே, தூரம் அவ்வளவு என்று சொல்ல எனக்கும் அரை நொடி போதும்.

சொல்லவில்லை. மேசை மேலிருந்த ஸ்டாம்ப் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க? இருக்கீங்களா?"

அவர் கையை எடுத்தார்.

"ஃபுமியே, படகு இல்ல. அக்டோபர் புயல்லயே முழுகிப்போச்சு."