கேக்குக்குப் போன பான்சிப் பூக்கள்

மருமகள் தொட்டியில் வளர்த்த பான்சிப் பூக்களைக் கேக்கில் வைக்கத் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு நாத்தனார் விருந்து மண்டபத்துக்குக் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மாமியார் சமையலறைப் பக்கம் வந்து, பூவில் ஒரு பூச்சியாவது இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றாள் மருமகள். எப்படி இருக்கும், நேற்று நீ வேலைக்குப் போன பிறகு நான்தானே மருந்து அடித்தேன் என்று மாமியார் பெருமை பொங்கச் சொன்னாள்.

எந்த மருந்து என்று கேட்டாள் மருமகள்.

ரோஜாவுக்காக எப்போதோ வாங்கி வைத்த மருந்து அது. இலைக்கடியில் அசுவினிப் பூச்சி மொய்த்திருந்ததாம். மகளுக்குக் கிடைத்த முதல் பெரிய கேக் ஆர்டரில் பூச்சி ஊர்ந்தால் மானம் போய்விடுமே என்று ஒரு தொட்டி விடாமல் அடித்தாளாம். பூ வெறும் அழகுக்கு, கேக்கை வெட்டும்போது எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். தின்பதற்கு என்று மருமகள் சொன்னதும் வாயைப் பிளந்தாள்.

"பூவையா? அவங்க என்ன ஆடா மாடா?"

மருமகள் அதற்குள் போனை எடுத்திருந்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. கையில் க்ரீம் இருந்தால் நாத்தனார் போனைத் தொடவே மாட்டாள். பூவைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவளை, மருந்து என்ற பேச்சே கிடையாது என்று அடித்துச் சொல்லி சம்மதிக்க வைத்தது மருமகள்தான். சும்மா சொல்லவில்லை. விதைத் தட்டைக் கறுப்புத் தாளால் மூடி முளைக்க வைத்து, வெயில் ஏறும் முன் தொட்டிகளை நிழலுக்கு இழுத்து, வாடிய பூவைத் தினமும் கிள்ளி எறிந்து, பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தவள். அப்படியும் அலமாரியிலிருந்த மருந்தை அப்புறப்படுத்தத் தோன்றவில்லையே என்று இப்போது தன்னையே நொந்துகொண்டாள்.

வாடகைக் கார் வந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் மாமியாரும் ஏறிக்கொண்டாள். யாரோ பெரிய டாக்டர் ஓய்வு பெறும் விருந்து; சாப்பிடப் போகிறவர்கள் எல்லாம் டாக்டர்கள், ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். சிக்னலில் கார் நின்றபோது குரல் இறங்கியது.

"அடிச்சது நான்னு அவகிட்ட சொல்லிடாதேம்மா. கேக் செய்யப் போறேன்னு அவ பேங்க் வேலையை விட்டப்ப நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியுமே. வேணும்னே செஞ்சேன்னு நினைச்சிடுவா."

மருமகள் மறுபடி நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள். தொண்டை வறண்டிருந்தது, பயமா, மருந்தா என்று அவளுக்கே விளங்கவில்லை. பறித்த பூவில் ஒன்றைக் காலையில் மென்று பார்த்தே கொடுத்தனுப்பியிருந்தாள். சொல்லக்கூடாது என்றிருந்தவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது. மாமியார் திரும்பிப் பார்த்தாள்.

மண்டபத்தின் பின்கட்டுச் சமையலறையில் கேக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றியாகிவிட்டது. மூன்று அடுக்கு வெள்ளை கேக்; அடுக்குக்கு அடுக்கு ஊதாவும் மஞ்சளுமாகப் பான்சி. ஊழியர் ஒருவர் வண்டியின் பிடியில் கை வைத்திருந்தார். மருமகள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். மருந்து அடித்த பூ என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தாள்.

நாத்தனார் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மருந்தே கிடையாதுன்னு சொன்னீங்களே அண்ணி?"

சொன்னேன் என்றாள் மருமகள். மாமியாரைச் சொன்னால் தாய்க்கும் மகளுக்கும் இடையில் இன்னும் விரிசல் விழும். தன் தலையில் போட்டுக்கொண்டால் இனி இந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. என் தோட்டத்தில் நடந்த தப்பு என்று ஆரம்பித்தாள்.

"அவ அடிக்கலை, நான்தான் அடிச்சேன்" என்றாள் மாமியார் குறுக்கிட்டு. "அதை அப்புறம் பேசிக்கலாம். இவ அந்தப் பூவை ஒண்ணு தின்னுட்டு நிக்கிறா. முதல்ல ஒரு டாக்டரைக் கூப்பிடு."

நாத்தனார் அம்மாவை ஒரு நொடி வெறித்தாள். பிறகு டாக்டர் ஒருவரை அழைத்துவரச் சொல்லி அந்த ஊழியரை மண்டபத்துக்குள் அனுப்பினாள். வந்த டாக்டர் மருமகளின் நாடியையும் கண்ணையும் பார்த்து, மருந்தின் பெயரைக் கேட்டு, ஒரு பூவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். விருந்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார்.

நாத்தனார் இடுக்கியால் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டாள். பூ பட்ட க்ரீமையெல்லாம் வழித்தாக வேண்டும். ஒரு கையால் அடுக்கைத் தாங்கி மறு கையில் கத்தி பிடித்துச் சுரண்ட முடியாமல் திணறினாள். மாமியார் ஓரமாக, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"வேணும்னு செஞ்சியாம்மா?"

"பூச்சி இருந்துச்சுடி. உன் கேக்காச்சேன்னு அடிச்சேன்."

கத்தி கொஞ்ச நேரம் க்ரீமிலேயே நின்றது.

"கையைக் கழுவினியா?"

"நேத்தே கழுவிட்டேன்."

"இப்ப கழுவு. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வந்து இந்தப் பக்கத்தைப் பிடி. ஆடாம பிடிக்கணும்."

மாமியார் குழாயைத் தேடிப் போனாள்.