மூன்று நாள் பால்

சமையலறை வாசலில் தட்டு விழுந்த சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. ஆறு கண்ணாடி டம்ளர்களும் தூள் தூள். சூடான தேநீர் தரையில் ஓடி, பெரியப்பாவின் நாற்காலிக் கால் வரைக்கும் போய் நின்றது. தட்டைத் தவறவிட்ட பெண்ணின் உம்மா குனியவில்லை, எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விநாடிக்கு முன்புதான் அந்த அம்மாள் பூரித்துப் போய்ப் பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லியிருந்தாள்.

"குடும்பத்தைப் பத்தி விசாரிக்கணுமாம்ல! நல்லா விசாரிச்சீங்க போங்க. உங்க தம்பி பொண்டாட்டி பாலைக் குடிச்சுத்தான் என் பையன் பொழச்சான்!"

பெண் பார்க்க வந்த வீட்டில் பழைய சிநேகிதியைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு. வாசலிலேயே இருவரும் கட்டிப்பிடித்து அழுதாகிவிட்டது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரே சந்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வாடகை வீடுகளில் குடியிருந்தவர்கள். பிறகு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். தேதி குறிக்கலாம் என்று பெரியப்பா கண்ணாடியை மாட்டியபோதுதான் இந்தப் பேச்சு வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"வயித்துல ஆபரேஷன்னு என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. இவனுக்கு ரெண்டு மாசம். மூணு நாள் இவதான் வெச்சுக்கிட்டா. மூத்த பொண்ணு அப்ப இவளுக்குக் கைக்குழந்தை. 'என் மருமகளுக்குக் குடம் குடமா ஊறுது'ன்னு இவ மாமியார் சந்து பூரா சொல்லிட்டுத் திரியும். சாயந்தரம் பார்க்க வரும்போது இவளே சொன்னா, 'நீ அழாதே, உன் பிள்ளை என் பால் குடிச்சு வயிறு நெறஞ்சு தூங்குறான்'னு. அந்தச் சொல்லுலதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்."

யாரும் சிரிக்காததை அவள் அப்போதுதான் கவனித்தாள். அர்த்தம் புரிந்ததும் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பால் கொடுத்தவள் தாய். அந்தத் தாய் பெற்ற பெண்ணெல்லாம் சகோதரி. சகோதரியைத்தான் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறாள்.

கல்யாணப் பெண் எழுந்து நின்றாள். பெண்கள் அரபிக் கல்லூரியில் மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுப்பவள். எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பதால் மாணவிகள் அவளுக்கு 'ஆதாரம் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா மாமி?"

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தேனேம்மா. இவ சொல்லித்தான்..."

டீச்சர் திரும்பினாள். "உம்மா. கொடுத்தியா?"

உம்மாவின் பார்வை சிநேகிதியின் நனைந்த கண்களுக்குப் போயிற்று. அங்கிருந்து பெரியப்பாவுக்கு. பிறகு உடைந்த டம்ளர்களுக்கு.

"கொடுத்தேன்."

"ஒரு தடவையா?"

"மூணு நாளும்."

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். அன்றைக்குச் சாக்ஸை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

அவர்கள் இருவரும் சந்தித்ததே ஒரு லிஃப்டில்தான். கல்லூரியின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே டீச்சர் தனியாக. மேலேயிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, இன்ஷா அல்லாஹ் சீக்கிரம் திறந்துடலாம்" என்றது. "அது துஆ, பிரார்த்தனை. நான் கேட்டது நேரம்" என்றாள் இவள். பிறகு, "இருபது நிமிஷம். லேட்டானா நீங்க என்ன கேட்டாலும் பதில் சொல்றேன்" என்றது குரல். லேட்டாயிற்று. அவளும் நிறையக் கேட்டாள். மாதக்கணக்கில் கேட்டு, பதில்களெல்லாம் திருப்தியான பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். லீவு போடுவாள் என்று எதிர்பார்த்த சக ஆசிரியைகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கரும்பலகையில் மார்க்கச் சட்டத்தின் நான்கு வேர்களை எழுதினாள். வேதம், நபிவழி, அறிஞர்களின் ஒருமித்த முடிவு, ஒன்றைக்கொண்டு ஒன்றை ஒப்பிட்டு அறிதல். வருடா வருடம் எழுதுவதுதான். இந்த வருடம் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

அவள் வழக்கையே இந்தப் பலகையில் வைத்துப் பார்க்கலாம். பால்குடி உறவில் திருமணம் கூடாது என்பது வேதத்திலேயே இருக்கிறது. பிறப்பால் எந்த உறவெல்லாம் தடையோ பாலாலும் அதெல்லாம் தடை என்பது நபிமொழி. எத்தனை முறை குடித்தால் உறவு ஏற்படும் என்பதில் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஒரு மத்ஹபில், அதாவது ஒரு சட்டவழியில், ஐந்து முறை, இன்னொரு மத்ஹபில் ஒரு வாய் போதும். மூன்று நாள் என்றால் எந்த வழியில் போனாலும் கதவு சாத்தியிருக்கிறது. சாட்சி விஷயத்தில் மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், மத்ஹபு நாலும் சரிதானே? அப்ப நமக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கலாம்ல?"

"எடுத்துக்கலாம். நாளைக்கு வேற ஒண்ணு சுலபமா இருந்தா அதையும் எடுத்துக்கலாம். கடைசியில உன் கையில இருக்கறது சட்டமா, உன் ஆசையா?"

"ஆசைன்னே வெச்சுக்கங்களேன்!"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். சிரிக்க முடிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மதியம் கல்லூரி முதல்வரிடம் போனாள். அவளுக்கே பாடம் சொன்னவர், கண்டிப்பான பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டு, "உன் வழக்குக்கு நீயே தீர்ப்பு எழுதிடாதே" என்று ஆரம்பித்தார். நம் மத்ஹபில் இதற்கு நான்கு பெண்களின் சாட்சி வேண்டும். இங்கே இருப்பது ஒருத்தி சொல். நீதிபதி முன்னால் போனால் உறவு நிரூபணமாகாது. ஆனால், பால் கொடுத்ததாக ஒரே ஒரு பெண் வந்து சொன்னதும், 'சொல்லப்பட்டுவிட்ட பிறகு எப்படி?' என்று நபியவர்கள் கேட்டு ஒரு தம்பதியைப் பிரிந்துகொள்ளச் சொன்ன செய்தியும் இருக்கிறது.

"நிரூபணமாகலைன்னு கல்யாணம் பண்ணிக்கலாம். பேணுதலா, சந்தேகமே வேண்டாம்னு விட்டும் விடலாம். ரெண்டுக்கும் இடம் இருக்கு. உன் உம்மாவை நீ நம்புறியா, அதைச் சொல்லு."

"நம்புறேன்."

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்தே?"

லிஃப்ட் பக்கம் அவன் காத்திருந்தான். கையில் ஸ்பேனர், காதில் பென்சில். அவனும் விசாரித்திருக்கிறான்.

"நாலு பேர் வேணுமாமே. நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒருத்தங்கதான். மூணு பேர் குறையுது!"

"நீதிபதிக்குக் குறையுது. எனக்குக் குறையல."

"அப்படின்னா?"

"சொன்னது எங்க உம்மா. எங்களை வளர்க்க வாழ்நாள் பூரா தையல் மிஷினை மிதிச்சவங்க. அவங்க சொல்லை நம்ப மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் உங்களைக் கட்டிக்கணும்னா, நாளைக்கு உங்க பக்கத்துல உட்காரும்போதெல்லாம் அது நினைப்புக்கு வரும். திருமணத்துல சந்தேகம் வந்தா தடை பக்கம்தான் நிக்கணும்னு நான்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன். எனக்குன்னு வரும்போது மாத்த முடியாது."

அவன் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "உங்ககூட வாதாடி ஜெயிக்க முடியாதுன்னு லிஃப்டுலயே தெரிஞ்சுபோச்சு. இந்த ஒரு தடவை தோத்துப் போவீங்கன்னு நெனச்சேன்."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு அவள் படி வழியாக இறங்கினாள். மூன்று மாடி. கீழே வந்துதான் மூச்சு விட்டாள்.

வீட்டில் உம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தைத்த தையலையே பிரித்துக்கொண்டிருப்பாள். மகள் ஏதாவது கேட்டால் "தலைவலி" என்பாள். ஒருநாள் மட்டும் தானாகவே, "உனக்கு அந்தப் பையன் மேல ரொம்பப் பிரியமோ?" என்றாள். "இருந்துச்சு உம்மா. அதை விடு" என்றாள் மகள். உம்மா முகத்தைத் திருப்பி நூல் கோர்க்கத் தொடங்கினாள். ஊசிக் கண்ணில் நூல் கடைசிவரை நுழையவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து ஊர் அடங்கிய நேரத்தில் அழைப்புமணி அடித்தது. அவன்தான். கையில் ஒரு பை நிறையப் பழங்கள். கூடவே பெரியப்பா, வழியில் பிடித்து அழைத்து வந்திருக்கிறான்.

"எங்கம்மா அனுப்பினாங்க" என்றான் வாசலிலேயே நின்று. "மருமகனாத்தான் போக முடியல, மகனாப் போய்ப் பாத்துட்டு வாடான்னு. பால் கொடுத்த தாயை இத்தனை வருஷமா கண்டுக்காம விட்டது தப்பாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் பெரியப்பா. "மாப்பிள்ளை வேலை போச்சு, மகன் வேலை கிடைச்சிருக்கு. சம்பளம்தான் கிடையாது. சொத்துலயும் பங்கு கேக்க முடியாது, பால் உறவுக்கு வாரிசுரிமை இல்ல."

டீச்சர் துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றாள். உள்ளறையிலிருந்து உம்மா வந்தாள். வீட்டில் பெரியப்பாவுக்கு முன்னால் எப்படி வருவாளோ அப்படி. நெற்றிவரை இழுத்து, தாடைக்குக் கீழே ஊசி குத்திய முக்காடு. கதவு நிலையைத் தாண்டவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உட்காருங்க" என்றாள்.

"உட்காருடான்னு சொல்லுங்க உம்மா."

உம்மாவின் விரல்கள் முக்காட்டின் ஓரத்தைத் தேடிப் பிடித்து இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தன.

டீச்சர் அதைப் பார்த்தாள். முதலில் வெறும் பழக்கம் என்றுதான் தோன்றியது. பிறகு அவள் மனம், வகுப்பில் செய்வதுபோல, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கியது. எனக்கு இது கேட்ட செய்தி. அதனால் கல்யாணமும் கூடாது, முக்காட்டையும் எடுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் பேணுதல். பெரியப்பாவுக்கும் கேட்ட செய்தி. இவனுக்கும், இவனைப் பெற்றவளுக்கும்கூட அப்படித்தான். இந்த உலகத்தில் சந்தேகமே இல்லாத ஆள் ஒருத்திதான். அவள் மடியில் நடந்தது. அவளுக்கு இவன் மகன் என்றால் மகன்தான், பெற்ற மகனுக்கு முன்னால் இருப்பதுபோல இருக்கலாம். மகன் இல்லையென்றால்...

அவள் குரலை உயர்த்தவில்லை.

"உம்மா. நான் மறைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பால் கொடுத்த மகனுக்கு முன்னாடி உனக்கு எதுக்கு முக்காடு?"

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

உம்மாவின் கை மெல்ல மேலே போயிற்று. தாடைக்குக் கீழிருந்த ஊசியைத் தொட்டது. கழற்றினாள். துணி ஒரு விரல் அளவு பின்னால் நழுவியது, நரைத்த முடி ஒரு கீற்று தெரிந்தது. அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் முக்காட்டை இறுகப் பற்றிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்நிய ஆம்பளைக்கு முன்னாடி எப்படிடி எடுப்பேன்? எனக்கு அப்ப பாலே ஊறல... அன்னைக்குச் சொன்ன பொய்யை எல்லார் முன்னாடியும் மாத்த வாய் வரல. அவன் குடிச்சது மூணு நாளும் டப்பாப் பால்."