அபிசாய் கேட்ட ஒரே கேள்வி

1

அபிசாயின் அடக்கத்தன்று என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒன்றரை நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் விட்ட மீதிதான் இந்தக் கதை. எழுத ஆரம்பித்து நாலு வருடமாகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘அபிசாய் நேர்மையின் மறு உருவம். சுவா துறைமுகத்தில் அவனைப்போல்—’

நிறுத்திவிட்டேன். அவன் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால், “யாருடா இவரு, எனக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டிருப்பான்.

இரண்டாவது தொடக்கம்:

‘மாரியப்பா கவுண்டர் என்ற கப்பல் ஆய்வாளர் ஒரு பிற்பகலில் ஒரு தாளில் கையெழுத்திட்டார். அவருக்கு அப்போது நாற்பது வயது. அவருடைய நண்பர்—’

இது பரவாயில்லை என்று பத்துப் பக்கம் வரை போனேன். ‘அவர்’ என்று எழுதும்போது கை நன்றாக ஓடியது. அவர் பயந்தார், அவர் தயங்கினார், அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. படிக்கிறவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்திருக்கும். பத்தாவது பக்கத்தில்தான் உறைத்தது, எனக்கு நானே வக்கீல் வைத்திருக்கிறேன் என்று. பத்துப் பக்கத்தையும் கிழித்தேன்.

மாரியப்பா கவுண்டர் நான்தான்.

2

அபிசாயும் நானும் 1981இல் ஒரே மாதம் சுவா துறைமுக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். தீவுகளுக்குப் போகும் கப்பல்களைச் சோதித்து, கடலுக்குப் போகலாம், கூடாது என்று எழுதித் தருவது வேலை. அவன் லாவு தீவுக்காரன். ஆறடி உயரம், பாதிரியார் தொண்டை. முதல் நாளே என்னைத் ‘தவலே’ என்று கூப்பிட்டான். அவன் மொழியில் மச்சான் என்று அர்த்தம். இனி மச்சான் என்றே எழுதுகிறேன், அந்த உறவில் இருக்கும் கேலி தமிழில் அப்படியே வருகிறது.

1983இல் ஒரு சரக்குக் கப்பலின் அடிக்கிடங்குக்குள் இறங்கும் துவாரத்தில் நான் மாட்டிக்கொண்டேன். மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது. கால் மணி நேரம். அபிசாய்தான் விளக்கெண்ணெய் தடவி இழுத்தெடுத்தான். (கிரீஸ் என்று எழுதியிருக்க வேண்டும். விளக்கெண்ணெய் சிரிப்புக்காக நான் சேர்த்தது. இப்படித்தான் கை பொய்க்குப் போகிறது. விட்டுவைக்கிறேன், நீங்கள் பார்ப்பதற்காக.)

அதன்பிறகு இருட்டான துவாரத்துக்குள் இறங்க என்னால் முடியவில்லை. அபிசாய் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. கப்பலுக்குப் போனதும் சுத்தியலையும் விளக்கையும் எடுத்துக்கொள்வான்.

“மச்சான், மிதவையெல்லாம் நீ எண்ணு. உன் தொப்பையோட நீ உள்ள போனா, கப்பலை வெட்டித்தான் உன்னை எடுக்கணும்.”

பதினோரு வருடம் இப்படியே நடந்தது. மேல்தளம் எனக்கு, அடிக்கிடங்கு அவனுக்கு. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

3

1994, டிசம்பர் முதல் வாரம். கப்பலின் பெயர் ‘லகோ மாய்’. அவன் மொழியில் ‘வா’ என்று அர்த்தம். அபிசாயின் தீவுக்குப் போகும் கப்பல் அது ஒன்றுதான். மாவு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடப் புத்தகம், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய நோயாளி எல்லாம் அதில்தான். கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்கள் துறைமுகத்தில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அபிசாய் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஓவராலின் முழங்காலிலிருந்து மார்புவரை துருவும் எண்ணெயும். கிடங்கின் பின்பக்கம் துருவேறிய இரும்புத் தகட்டை உள்ளேயிருந்து சிமெண்ட் பூசி மறைத்திருந்தார்கள். ஓரத்தில் தட்டிப் பார்த்தானாம். இரும்பு மணிபோல ஒலிக்க வேண்டும். ஈரப் பலகைபோல ஒலித்ததாம்.

‘தகடு மாற்றும்வரை போகக் கூடாது’ என்று ஒரு வரி எழுதிவைத்தான்.

மேலதிகாரி* கூப்பிட்டார். “அபிசாய், கப்பலைக் கரையில ஏத்திப் பழுதுபார்க்க பிப்ரவரி வரைக்கும் இடமில்லை. உன் ஜனம்தான்யா அங்க நிக்குது.”

“தெரியும் சார். அதனாலதான்.”

[* பெயர் வேண்டாம். இந்தக் கதையில் கெட்டவர் தேடுகிறவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள், நான் தப்பித்துவிடுவேன்.]

துறைமுகத்தில் அபிசாயின் அத்தை லாவேனியா அவனைப் பார்த்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். நானும் கூட இருந்தேன்.

“வாங்க, கப்பல் டாக்டர் வாங்க! எங்க ‘லகோ மாய்’க்கு இருமல்னு படுக்க வெச்சுட்டீங்களாமே?”

“அத்தை, தகடு போயிடுச்சு.”

“உன் அப்பன் காலத்துல இருந்து போயிட்டுத்தான் இருக்கு! உன் பெரியப்பன் அங்க இழுத்துக்கிட்டுக் கிடக்கான். அவன் முகத்துல முழிக்க விடமாட்டியா நீ? சுவா சோறு தின்னு உனக்குக் கடலே மறந்துபோச்சு.”

அவன் தலையைக் குனிந்து நின்றான். அத்தையின் பாய்ச்சுருளை வெயிலிலிருந்து நிழலுக்குத் தூக்கி வைத்தான். எழுதியதை மாற்றவில்லை.

4

மறுநாள் இரண்டாவது ஆய்வுக்கு என்னை அனுப்பினார்கள்.

‘நான் கப்பலுக்குள் போனபோது மனம் முழுவதும்—’

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். மிதவைகளை எண்ணினேன். தீயணைப்புக் குழாயைத் திறந்து மூடினேன். கிடங்கின் மூடியைத் திறந்தேன். ஏணி கீழே போய் இருட்டில் மறைந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மூடியை மூடினேன். ஆறு மாதம் கடலுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

மாலை அலுவலக வாசலில் அபிசாய் நின்றிருந்தான்.

“கீழ எறங்குனியா மச்சான்?”

“எறங்குனேன்.”

அவன் என் ஓவராலைப் பார்த்தான். துவைத்து மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

“சரி மச்சான்” என்றான்.

(இந்தச் ‘சரி’யைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். கசப்போடு, அலுப்போடு, ஏளனத்தோடு. எதுவும் பொருந்தவில்லை. என்னை அவமானப்படுத்தாமல் அங்கிருந்து போக அவனுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.)

கப்பல் போனது. அபிசாயும் அதில் ஊருக்குப் போனான் என்று திங்கட்கிழமை தெரிந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. தேநீர் நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்: “கையெழுத்துப் போடமாட்டேன்னான், இப்ப முதல் ஆளா ஏறிப் போயிருக்கான் பாருங்க!”

அதுதான் நான் செய்ததிலேயே மோசமானது. கையெழுத்தைவிட.

5

இங்கே கப்பலை மூழ்கடிக்கலாம். ஓர் எழுத்தாள நண்பர் அதைத்தான் சொன்னார். “மூழ்கினாதான் அபிசாய் சொன்னது சரின்னு ஆகும். இல்லேன்னா கதையே இல்லையே.”

ஒரு வடிவத்தில் மூழ்கடித்தும் பார்த்தேன். லாவேனியா அத்தையின் பாய் மிதந்து வந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் பயந்து கிழித்தேன்.

‘லகோ மாய்’ மூழ்கவில்லை. பிப்ரவரியில் கரையில் ஏற்றித் தகடு மாற்றினார்கள். அதன்பிறகு பதினோரு வருடம் ஓடியது. அத்தை ஊர் போய்ச் சேர்ந்தாள், பெரியப்பனின் முகத்தையும் பார்த்தாள். அபிசாயைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் வேலையை விட்டு, சுவாவுக்குப் பக்கத்து ஊரான லாமியில் தகரக் கொட்டகை போட்டுப் படகு வெல்டிங் செய்தான். அவன் சொன்னது சரி என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் நான் மாறினேன். அடுத்த கப்பலிலிருந்து ஒவ்வொன்றிலும் கீழே இறங்கினேன். ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போவேன். பதினெட்டு வருடம், ஓய்வு பெறும்வரை, இறங்காமல் ஒரு கையெழுத்துப் போடவில்லை. இதை அபிசாயிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டுமே.

சனிக்கிழமை பிற்பகல்களில் அவன் கொட்டகைக்குப் போவேன். கவா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். ரக்பி பேசுவோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். பதினாறு வருடம். அந்தக் கப்பல் எங்கள் நடுவில் வரவேயில்லை.

6

அடக்கத்தன்று தேவாலயத்துக்கு வெளியே ஜோபே என்னைப் பிடித்தான். ‘லகோ மாய்’யில் மாலுமியாக இருந்தவன்.

“அந்தக் கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கா சார்? அபிசாய் அண்ணன் போற வழி மூணு நாளும் மேல வரலை. கிடங்குக்குள்ளயேதான் இருந்தாரு. பம்பு, மரக்கட்டை, ஒரு வாளி சிமெண்ட்டு. சாப்பாட்டைக் கயித்துல கட்டி எறக்குவோம்.”

“தண்ணி வந்துச்சா?”

“எங்களை எறங்க விடலையே. ஊர் வந்தப்பறம் ஏறி வந்தாரு. மேல சட்டையில்லை. ‘சட்டை எங்கண்ணே’ன்னேன். ‘உள்ள ஒரே வெக்கைடா’ன்னாரு.”

ஓட்டைக்குள் மரக்கட்டை அடிக்கும்போது துணியைச் சுற்றித்தான் அடிப்போம். கப்பல் வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும். ஆனால் வெக்கையும் உண்மைதான். அந்தக் கிடங்கில் யாராக இருந்தாலும் சட்டையைக் கழற்றுவார்கள்.

7

நூறாம் நாள் சடங்குக்கு லாமிக்குப் போனேன். மெரெயோனி, அபிசாயின் மனைவி, பின்கட்டில் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கத்தியை எடுத்தேன். மூன்று கிழங்கு உரித்தபிறகு சொன்னேன்.

“தங்கச்சி, அன்னைக்கு நான் கீழ எறங்கலை.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்ண்ணா.”

“அவன் சொன்னானா?”

“உங்களைக் குறை சொல்ல மாட்டாரு. உங்க துணியைப் பார்த்தேன்னு மட்டும் சொன்னாரு.”

“கிடங்குல என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?”

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நானும் எத்தனையோ தடவை கேட்டேன். ‘மாரி கேக்கட்டும், அவன்கிட்ட சொல்றேன். அவன்தான் தெரிஞ்சுக்கணும்’ம்பாரு. சனிக்கிழமை நீங்க கிளம்பிப் போனப்பறம் வாரா வாரம் நான் கேப்பேன், ‘கேட்டாரா?’ன்னு. ‘அடுத்த வாரம் கேப்பான்’ம்பாரு.”

கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். “கடைசி வருஷம் நான் கேக்கறதை விட்டுட்டேன்ண்ணா.”

8

இந்த இடத்தில் கிடங்குக் காட்சி வர வேண்டும். விளக்கு, பம்பின் சத்தம், மேலே அத்தையும் மற்றவர்களும் பாடும் பாட்டு, கீழே அபிசாய். எனக்கு எழுதத் தெரியும். அந்த இருட்டின் வாசனைகூடத் தெரியும்.

‘தகட்டின் ஓரத்தில் முதல் துளி—’

இல்லை. பார்க்காத கிடங்குக்கு ஒரு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. போதும்.

தண்ணீர் வந்ததா, வெறும் வெக்கையா? சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பதினாறு வருடம் சொல்லக் காத்திருந்தான். நான் ரக்பி பேசிக்கொண்டிருந்தேன். கதைக்கு முடிவில்லாமல் போனது அதனால்தான், உத்தியால் அல்ல.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும். அடியில் என் பெயரை மட்டும் போடாதீர்கள்.