பேர் கொடுத்தவன்

வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் கன்னியம்மாவுக்குத் தெரிந்தது பெண் பார்க்கிற படலம்தான். வருவார்கள், பஜ்ஜி தின்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். அதனால் குழந்தைகள் நலக் குழுவிலிருந்து புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மேடம் வருகிறார் என்றதும் அவள் மூன்று நாள் டோல்கேட் மார்க்கெட்டுக்கு மீன் கூடை தூக்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கருவாட்டு மூட்டையைக் கொழுந்தனார் வீட்டுக்குக் கடத்தினாள். வாசலில் கிடந்த வலையைச் சுருட்டி, "இன்னிக்கி ஒரு நாளு கண்ணுல படாம கெட" என்று வலையிடமே சொல்லி, வீட்டுக்குப் பின்னால் கல்லில் போட்டாள். கடல் ஊரைத் தின்றுகொண்டு வருகிறதென்று அரசாங்கம் கொட்டிய கருங்கல். அவள் பின்சுவரிலிருந்து பத்தடியில் ஆரம்பிக்கிறது.

உள்ளே மேடத்துக்கு ஓர் இரவல் நாற்காலி, நர்மதாவுக்கென்று புதுப் பாய், தலையணை, ஆணியில் தொங்கும் பள்ளிக்கூடப் பை. பைக்குள் ஒன்றும் இல்லை. பிள்ளை வந்தால்தானே புத்தகம்.

நர்மதா அவள் தங்கை பவுனம்மாளின் பெண், ஏழு வயது. புருஷன் விட்டுப்போன பிறகு பவுனம்மாள் ராயபுரத்தில் இறால் உரிக்கும் வேலைக்குப் போய் அங்கேயே ஒண்டுக்குடித்தனமாக இருந்தாள். காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடியபோது கட்டிலுக்கு அடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை என்று போலீஸ் அதைக் காப்பகத்தில் விட்டுவிட்டது. சேதி தெரிந்து மறுநாள் கன்னியம்மா ஓடினாள். பிணத்தை ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். குழந்தையைக் கொடுக்கவில்லை. "பெரியம்மா நானு, எனக்கே பேப்பரா?" என்று அவள் கத்தியது மாடி வரைக்கும் கேட்டது. பெரியம்மாவானாலும் வீட்டைப் பார்க்க வேண்டும், போலீசில் விசாரிக்க வேண்டும், குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். இது நடந்தது 2006-இல். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் பார்க்கப் போவாள். ஒவ்வொரு முறையும் நர்மதா செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக வந்து நிற்கும். அந்தச் செருப்பைக் கன்னியம்மாவே கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள் அவள்.

வந்த மேடத்தின் பெயர் மலர்க்கொடி. சின்ன வயசு, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறவள். கூரையைப் பார்க்கவில்லை, பஜ்ஜியும் தொடவில்லை. தண்ணி லாரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கக்கூஸ் எங்கே, குழந்தையோடு யார் படுப்பார்கள், குடிக்கிற பழக்கம் யாருக்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். கன்னியம்மா பரீட்சையில் தேறிக்கொண்டிருப்பவள் போலத்தான் பதில் சொன்னாள். அப்புறம் மலர்க்கொடி சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். கழுத்தில் மாலையோடு ஓர் ஆள்.

எல்லாவற்றையும் ஒளித்தவள் அந்தப் போட்டோவை மட்டும் ஒளிக்கவில்லை. ஒளிப்பாளா? கண்ணாடியைத் துடைத்து, இரண்டு முழம் மல்லிகை வாங்கி மேலே போட்டிருந்தாள்.

"வீட்டுக்காரராக்கா? தவறிட்டாரா?"

"ஐய, வாயக் கய்வும்மா!" கன்னியம்மா வாசல் பக்கம் திரும்பி மூன்று முறை துப்பினாள். "கடலுக்குப் போற ஆளு. உசுரோட கீற மன்சன அப்டிக் கேக்கலாமா?"

"மன்னிச்சுக்கக்கா, பூவைப் பார்த்து..."

"பூவு நான் போட்டது, நீ வர்றேன்னு. கய்த்துல கீற மால ஊரு போட்டது." அவள் குரலில் பெருமை ஏறியது. "ஜெயில்லேர்ந்து வந்த அன்னிக்கி எட்த்தது மா. மேளம் வெச்சி, தலையில பரிவட்டம் கட்டி இட்டுகினு வந்தாங்க. இந்தக் குப்பத்துல அந்த மரியாத எல்லாருக்கும் கெடைக்காது."

மலர்க்கொடியின் பேனா நின்றுவிட்டது.

வெளியாளுக்கு இது விளங்காது. அந்தக் கடற்கரையில் இரண்டு குப்பத்துக்கு நடுவே வலைத் தகராறு வந்து மண்டை உடைந்தால், போலீஸ் வந்து, செய்தவன் யார் என்று கேட்டு மெனக்கெடாது. இத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிக்கை கேட்கும். ஊர்ப் பஞ்சாயத்து கூடி, எந்தக் குடும்பத்தின் முறையோ அந்தக் குடும்பத்திலிருந்து பேர் எழுதிக் கொடுக்கும். பேர் கொடுத்தவன் உள்ளே போவான். அவன் வீட்டுக்கு மீன் பங்கு தவறாமல் போகும். அவன் வெளியே வந்தால் சாமிக்குச் செய்கிற மரியாதையை அவனுக்குச் செய்வார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்த சண்டையில் எதிர்க் குப்பத்துக்காரன் ஒருவனுக்குக் கத்தி வெட்டு. வெட்டியவன் ஊர்த் தலைவர் வரதனின் மகன் திருமுருகன். முறை கன்னியம்மாவின் புருஷன் தேசப்பன் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குத் தேசப்பன் சண்டை நடந்த இடத்திலேயே இல்லை. படகு இன்ஜினைப் பழுது பார்க்கத் திருவொற்றியூர் ரயில்வே கேட்டுப் பக்கம் மெக்கானிக் கடையில் உட்கார்ந்திருந்தான். ஊர் கேட்டது. சரி என்றான். இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். அது கன்னியம்மாவுக்குப் புருஷனின் பட்டம். பட்டத்தை யாராவது ஒளித்து வைப்பார்களா?

"இன்னா கேசுக்கா?" என்றாள் மலர்க்கொடி. ஆபீஸ் பேச்சு காணாமல் போயிருந்தது.

"கொல முயற்சின்னு எய்திக்கீறாங்க. அவுரு ஒரு ஈயக்கூட..."

"முடிஞ்சிடுச்சா?"

"எங்க முடியுது, வாய்தா போய்க்கினே கீது. வெட்னது அவுரு இல்லைன்னு ஊருக்கே தெரியும் மா."

"ஊருக்குத் தெரிஞ்சது எனக்குப் பேப்பர்ல வேணுமேக்கா. எங்க பிளாக்லயும் போலீசு கணக்குக்கு ஆள் புட்சிகினு போவான், எனக்குப் புரியுது. குழுவுக்கு எப்டிப் புரியும்? ஸ்டேஷன்லேர்ந்து கடிதாசி வரும். அதுல அவர் பேரு இருக்கும். அந்தப் பேரு இருக்கற வூட்டுக்குப் பொம்பளப் புள்ளைய அனுப்ப மாட்டாங்க." பைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு இந்த வூட்ல இல்லைன்னா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்தாள். "நான் ஒண்ணும் சொல்லலக்கா."

மறுநாள் காலை கன்னியம்மா வலைக் கொட்டகைக்குப் போனாள். பஞ்சாயத்து நடக்கிற இடம், பொம்பளை கால் வைக்கிற வழக்கமில்லை. வைத்தாள். தலைவர் வரதனிடம், என் புருஷன் அந்தச் சண்டையில் இல்லை என்று ஊர் சார்பில் ஒரு கடிதாசி வேண்டும் என்றாள்.

"குட்த்தா போலீசு இன்னா கேப்பான்?" என்றார் வரதன். "அப்ப வெட்னது யாருன்னு கேப்பான்."

"கேக்கட்டுமே."

கொட்டகையில் இருந்த பெரியவர்கள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூலையில் திருமுருகன் வலை பின்னிக்கொண்டிருந்தான், பக்கத்தில் அவனுடைய இரண்டு பிள்ளைகள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"உன் வூட்டுக்காரன் உள்ள இருந்தப்ப ஒரு நாளாவது உன் வூட்டுக்குப் பங்கு மீனு வராம இருந்துச்சா, கன்னியம்மா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

வந்தது. வஞ்சிரமே வந்தது. தின்றவள்தானே. திருமுருகனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள். வழியெல்லாம் ஊரைத் திட்டினாள். "அன்னிக்கி பேர எய்தறப்ப வாய மூடிகினு நின்னுச்சே, அந்த ஊரு நல்லா இருக்குமா?"

மத்தியானம் கரையேறி வந்த தேசப்பனிடம் சோற்றைப் போட்டுவிட்டு, நீயாவது போய்த் திருமுருகனைக் கேள் என்றாள்.

"குட்த்தது குட்த்துட்டேன்மே. குட்த்தத திருப்பிக் கேட்டா நான் இன்னா மன்சன்?"

"ஊருக்கு மட்டுந்தான் குடுப்பியா?" கன்னியம்மா குழம்புச் சட்டியை நங்கென்று கீழே வைத்தாள். "ஊரு கேட்டப்ப பேரக் குட்த்தே. இப்ப நான் கேக்கறேன், பேர எடு. ரேசன் கார்டுலேர்ந்து எடு. இந்த வூட்ட வுட்டுப் போ. புருசன் தனியாப் போய்ட்டான்னு நான் எய்திக் குடுக்கறேன்."

தேசப்பன் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

"எவ்ளோ நாளைக்கி?"

"கேசு முடியற வரிக்கும்."

கேஸ் எப்போது முடியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "சரி" என்றான். ஏழு வருஷத்துக்கு முன் ஊருக்குச் சொன்ன அதே சரி. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால், ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கே இரண்டு லுங்கி, டார்ச் லைட்டோடு கரையில் படகுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டாய்க்குப் போய்விட்டான். போட்டோவை அவள் கழற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதைக் கழற்றாமல் சுற்றியே சுண்ணாம்பு அடித்திருந்தபடியால், வெள்ளைச் சுவரில் பழைய பச்சை ஒரு சதுரமாகத் தெரிந்தது. மேலே ஒரு காலண்டரை மாட்டினாள். சின்னக் காலண்டர், ஓரமெல்லாம் பச்சை தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. நர்மதா வந்தாள், செருப்போடு. நேரே உள்ளே போய், ஆணியில் தொங்கிய பையைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல" என்றாள். கன்னியம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

மத்தியானமானால் பிள்ளை பின்பக்கம் கல்லுக்கு ஓடிவிடும். தேசப்பன் அங்கே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பான். அவன் மடியில் உட்கார்ந்துதான் ஒன்றாம் வாய்ப்பாடே வந்தது. சோறு பின்சுவரைத் தாண்டிப் போகும், காலித் தட்டு திரும்பி வரும். கன்னியம்மா பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தாள்: "மேடம் மாசா மாசம் வருவாங்க. கேட்டா பெரிப்பா இங்க இல்லைன்னு சொல்லணும். இல்லாட்டி மறுபடி அங்க இட்டுகினு போய் வுட்ருவாங்க." நர்மதா ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியது.

பிள்ளை வந்த பிறகு முதல் தடவை பார்க்க மலர்க்கொடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல். தேசப்பன் கல்லின் மேல் இருந்தான். எழுந்தால் சன்னல் வழியே தெரியும். எழாமல் அப்படியே குனிந்துகொண்டான்.

மலர்க்கொடி பிள்ளையின் நோட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். "இந்த வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க, பாப்பா?"

"நானும் பெரிமாவும்."

"பெரியப்பா?"

"செத்துட்டாரு" என்றது நர்மதா.

கண் இமைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. பின்சுவருக்கு அந்தப்பக்கம் பத்தடியில் அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். விடிந்தால் கடலுக்குப் போகிறவன். மலர்க்கொடியின் பார்வை காலண்டர் ஓரத்துப் பச்சைக்குப் போய், கன்னியம்மாவின் நெற்றிக் குங்குமத்துக்கு வந்து, மஞ்சள் தேய்த்த தாலிக் கயிற்றில் நின்றது.

"அப்டியாக்கா?"

வாயைக் கழுவு என்று அன்றைக்கு இதே பெண்ணை அதட்டியவள் அவள். மூன்று முறை துப்ப வேண்டிய எச்சில் இப்போதும் வாயில் ஊறி நின்றது. விழுங்கினாள்.

"அது அம்மாவ நெனச்சிகினு இன்னாவோ சொல்லுது" என்றாள். தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

மலர்க்கொடி ஏதோ எழுதினாள், ஒரே ஒரு வரி. வாசலில் செருப்பை மாட்டும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "அடுத்த மாசம் என்கூட இன்னொரு மேடம் வருவாங்கக்கா. பாப்பாகிட்ட தனியாப் பேசுவாங்க."

அவள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, கன்னியம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லுக்குப் போனாள். அடிப்பதா அணைப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. தேசப்பன் சிரித்தான், அல்லது சிரிக்கப் பார்த்தான்.

"ஊரு கேட்டுச்சு, நான் பேரத்தான் குட்த்தேன். நீ என் உசுரையே எட்த்துக் குட்த்துட்டியே, கண்ணு?"

நர்மதாவின் முகம் வாடிப்போயிற்று. "தப்பா, பெரிப்பா? அங்க காப்பகத்துல ஒரு அக்கா சொல்லிக் குட்த்துச்சு. இல்லைன்னு சொன்னா எங்க, எப்ப வருவாங்கன்னு கேட்டுகினே இருப்பாங்களாம். செத்துட்டாங்கன்னா அதுக்கப்றம் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்."

தேசப்பன் வலையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி மடியில் உட்கார்த்தினான். அலை வந்து கல்லில் அடித்துவிட்டுப் போயிற்று.

"அடுத்த மாசமும் அப்டியே சொல்லட்டா?"

கன்னியம்மா தாலியை இறுக்கிப் பிடித்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குப் பின்னால் தனியாகப் பேச வரும் இன்னொரு மேடம், பேப்பர், காப்பகத்துக் கம்பிக் கதவு எல்லாம் வரிசையாக நின்றன. தேசப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.

"அப்டியே சொல்லு" என்றான் அவன்.

கன்னியம்மா குறுக்கே பேசவில்லை. அன்றைக்கு அவன் பேரை எழுதும்போது ஊர் எப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதோ, அப்படியே அவளும் நின்றாள்.